பக்கத்துக் கடை சுதிக்காரர்

எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பலகைதான் இருந்தது. புதுக்கோட்டையில் கீழராஜவீதியிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், ஒரே கடையாக இருந்த இடத்தைக் கட்டடக்காரர் பிளைவுட் அடித்து இரண்டாக்கி, இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இந்தப் பக்கம் நான் ரவிக்கை தைத்தேன். அந்தப் பக்கம் அவர் ஆர்மோனியத்தையும் அக்கார்டியனையும் பிரித்துப் போட்டுச் சுதி சேர்த்தார். பியானோ என்றால் அது இருக்கிற இடத்துக்கு அவரே போவார். சந்தில் எல்லோரும் அவரைச் சுதிக்காரர் என்றார்கள். நான் அண்ணே என்றேன். மனதுக்குள் கூப்பிட்டதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

சில வருடங்கள் அப்படிப் பக்கம் பக்கமாக இருந்தோம். இப்போது அவர் திருச்சிக்குப் போய்விட்டார். அங்கே சர்ச்சுகள் நிறைய, பியானோ கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய, அவருக்கு வேலையும் நிறைய. நன்றாகவே இருக்கிறார் என்று கேள்வி. அங்கே அவருக்குப் பக்கத்துக் கடையில் என்ன மிஷின் ஓடுகிறதோ, அதை ஓட்டுகிற ஆள் என்ன பாவம் செய்தாரோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஏனென்றால் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தையே, "தங்கச்சி, செத்த நேரம் மிசின நிறுத்து" என்பதுதான். எந்த ஊர், என்ன பேர் என்று ஒரு விசாரிப்பு இல்லை. கடை திறந்த அன்றைக்கு, சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திவிட்டு, முதல் துணியை ஊசிக்குக் கீழே வைத்திருக்கிறேன். பலகையைத் தட்டி அப்படிச் சொன்னார். ஏதோ போன் பேசப் போகிறார் போல என்று நானும் நிறுத்தினேன். அந்தப் பக்கம் ஒரே ஒரு சத்தம் எழும்பியது. ங்ஙீ என்று. நின்றது. திரும்ப அதே ங்ஙீ. திரும்பவும். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாங்கி வைத்த டீ ஆறி ஆடை கட்டியது. அப்போதும் அதே ங்ஙீ.

"அண்ணே, ஓட்டவா?"

"இரும்மா. இன்னும் நிக்கல."

"எது நிக்கல?"

"அலை."

அந்த அலை என்னவென்று பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ளாமல் அந்தச் சந்தில் குப்பை கொட்ட முடியாது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே மெல்லிய பித்தளை நாக்கு ஒன்று காற்றில் துடிக்கும். அதுதான் சத்தம். நல்ல பெட்டியில் ஒரு கட்டைக்கு இரண்டு நாக்குகள் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே சத்தமாக வர வேண்டும். ஒன்று மயிரிழை ஏறியோ இறங்கியோ போனால் சத்தம் நேராக வராது, வௌவௌ என்று அலை அலையாக அடிக்கும். வித்தியாசம் குறையக் குறைய அலை மெதுவாகி, இரண்டும் சேர்ந்துவிட்டால் நின்றுபோகும். சத்தத்தை ஏற்ற வேண்டுமென்றால் நாக்கின் நுனியில் சுரண்டுவார். இறக்க வேண்டுமென்றால் அடியில், ஆணி அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சுரண்டுவார். சுரண்டிவிட்டுக் கட்டையை அழுத்துவார், தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார், மறுபடி சுரண்டுவார். இப்படிப் பொழுது முழுக்க.

இந்த அலையைக் கேட்பதற்குத்தான் என் மிஷின் ஆகாது. என் மோட்டாரும் பாடுகிறதாம். அவருடைய நாக்கோடு சேர்ந்து அதுவும் அலை அடிக்கிறதாம்.

"ஒன் மோட்டாரு சுதியில இல்ல தங்கச்சி."

"அது தைக்குதுண்ணே. பாடல."

"பாடுதும்மா. அதுதான் தொந்தரவே."

ஆவணி முகூர்த்தத்தில் கல்யாணப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கட்டிங் டேபிளில் துணி மலை போலக் கிடக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் ஏதாவது பஜனை மடத்திலிருந்து ஆர்மோனியம் வந்து இறங்கும். பலகை தட்டப்படும். சில நாள் நிறுத்துவேன். சில நாள் காது கேட்காதவள் மாதிரி இன்னும் வேகமாக மிதிப்பேன். அவர் சுற்றிக்கொண்டு வந்து என் கடை வாசலில் நிற்பார். திட்ட மாட்டார். நின்று, மோட்டாரையே பார்த்துக்கொண்டிருப்பார், நோயாளியைப் பார்க்கிற மாதிரி. அந்தப் பார்வைக்குத் திட்டியிருக்கலாம்.

ஒருநாள் நான் ஊக்கு வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருவதற்குள் உள்ளே புகுந்து, மோட்டாருக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்து, பெல்ட்டையும் இழுத்து முடுக்கிவிட்டார். வந்து மிதித்தால் மிஷின் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது. நூல் அறுந்து, கோத்து, அறுந்து, கோத்து, ஒரு கை கூடத் தைத்து முடிக்க முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"யாரக் கேட்டுத் தொட்டீங்க?"

"இப்ப கேளு. சுதியோட ஓடுது பாரு."

"நூலு அறுகுதுண்ணே!"

"அறுந்தா என்ன? சத்தம் எப்புடி நிக்குது பாரு."

அவர் மனைவி மதியம் சாப்பாட்டுக் கேரியரோடு வரும்போது என்னிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். நான் அக்கா என்பேன். அவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அக்கா நிதானமாக வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: "கல்யாணமான புதுசுல, கொழம்ப வச்சுப்புட்டு, நல்லாருக்குன்னு ஒரு வார்த்த வருமான்னு வாயவே பாத்துக்கிட்டு நிப்பேன். 'பரவால்ல'ன்னு வரும். அதுக்கு மேல எங்கிட்டும் போகாது. இப்பல்லாம் நான் வாயப் பாக்குறதில்ல. வச்சுட்டு வந்துருவேன்."

உண்மைதான். அந்த மனிதர் வாயில் 'நல்லா இருக்கு' என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போக என்னிடம் ரவிக்கை தைத்தார். போட்டுக் காட்டினார். பொருந்தி உட்கார்ந்திருந்தது. அவர் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

"எடது கை துளி ஏறியிருக்கு."

எனக்குச் சுர்ரென்றது. டேப்பை எடுத்து இரண்டு கையையும் அவர் கண் முன்னால் அளந்து காட்டினேன். நூல் பிசகவில்லை.

"பாத்துக்கங்க. ரெண்டும் ஒண்ணு."

அவர் குனிந்து டேப்பைப் பார்த்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "அப்ப தோள்தான் ஏறியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அக்கா பாவம், கல்யாண வீட்டில் முழுக்க இடது தோளைத் தாழ்த்திக்கொண்டே நின்றதாகச் சொன்னார்.

அரிமளம் போகிற ஒரு தனியார் பஸ்ஸில் மூன்று குழல் வைத்த காற்று ஹாரன் இருந்தது. பஸ் வீதியில் திரும்பும்போது அது அடிக்கும். மூன்றில் ஒன்று சேரவில்லை என்று இவருக்கு உடம்பெல்லாம் எரியும். ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்கே போய், டிரைவரிடம், "செத்த எறங்குங்க தம்பி, நடுக் கொழல மட்டும் பாத்துப்புடுறேன்" என்றிருக்கிறார். ஆள் ஏறிக்கொண்டிருக்கிற நேரம். டிரைவர் சொன்ன பதிலை இவர் என்னிடம் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் சொன்னார். அன்றிலிருந்து அந்த டிரைவர் எங்கள் சந்து முனைக்கு வந்ததும் கையை எடுக்காமல் ஹாரனை அமுக்கிக்கொண்டே போவார். அவருக்காக அடிக்கிற ஹாரனை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சர்ச் கல்யாணத்தில் பண்ணியதைத்தான் நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கும். அரிமளம் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சர்ச். யாரோ பெரியவர் எந்தக் காலத்திலோ கொடுத்த பியானோ ஒன்று அங்கே இருந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா என் வாடிக்கைக்காரர். வெள்ளைப் புடவைக்கு ரவிக்கை என்னிடம்தான். அவர் கேட்டார் என்று, பியானோவைச் சரி பார்க்க இவரைச் சொல்லிவிட்டவள் நான். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பெண்ணுக்கு அளவு பார்க்க நான் போன ஆட்டோவிலேயே அவரும் வந்தார்.

பியானோவில் ஒரு கட்டைக்குப் பெரும்பாலும் மூன்று கம்பி. இரண்டு கம்பிகளைக் கம்பளித் துணி செருகி ஊமையாக்கிவிட்டு நடுக்கம்பியை முதலில் சேர்க்க வேண்டும். பிறகு துணியை ஒவ்வொன்றாக உருவி மற்ற இரண்டையும் அதோடு சேர்க்க வேண்டும். கம்பியைச் சுற்றியிருக்கும் முளையைச் சாவி போட்டுத் திருகுவதுதான் வேலை. பியானோவைத் திறந்து பார்த்தவர் முகம் மாறிவிட்டது. மொத்தப் பியானோவும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து அரைக்கட்டை கீழே இறங்கிக் கிடக்கிறதாம்.

பியானோ வாசிக்கிற தம்பி தன்மையாகச் சொன்னார்: "எறங்கியிருந்தா இருந்துட்டுப் போகட்டுங்கண்ணே. பழைய கம்பி. அதுக்குள்ள அது ஒத்துப்போற மாதிரி வச்சுக் குடுத்தீங்கன்னாப் போதும். கூட வேற வாத்தியம் எதுவும் இல்ல."

"எடம் தப்பி இருக்கே தம்பி."

"யாருக்குங்கண்ணே தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுதுல்ல."

ஏற்ற ஆரம்பித்தார். நான் பெண் வீட்டில் ஊசியும் கையுமாக இருக்கும்போதே சர்ச்சுப் பக்கமிருந்து படீர் என்று ஒரு சத்தம். வெடிதான் போட்டுப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். கம்பி அறுந்த சத்தம் அது. துருப்பிடித்த கம்பி, இழுத்த இழுப்புக்கு வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் புறங்கையில் கோடு கிழித்து ரத்தம். அதைத் துடைக்காமல், "இது ஏறாதுடி" என்று பியானோவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பிறகுதான் வேடிக்கை. ஏற்றிய கம்பிகளையெல்லாம் பழையபடி இறக்க வேண்டும். அந்தத் தம்பி காலையில் சொன்னதையே இவர் சாயங்காலம் செய்யத் தொடங்கினார்.

மறுநாள் முகூர்த்த நேரத்துக்குக் கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை நிற்கிறார். பாதிரியார் நிற்கிறார். பெண் வாசலில் வெயிலில் நிற்கிறது. இவர் பியானோவுக்குள் தலையை விட்டிருக்கிறார். பாதிரியார் லேசாக இருமினார். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கையைத் தூக்கி, "செத்த இருங்க" என்றார். பெண்ணின் அம்மா கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

ஒருவழியாக எழுந்தார். தம்பி உட்கார்ந்து வாசித்தார், பெண் உள்ளே வந்தது. கேட்க அத்தனை சுகமாக இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பந்தியில் பெண்ணின் அப்பா கோபத்தை மறந்து, "நல்லாருந்துச்சுங்க" என்று அவர் கையைப் பிடித்தார். இவர் பிரியாணியைப் பிசைந்துகொண்டே, "மேல ரெண்டு கட்டை இன்னும் சேராமப் பேசுது" என்றார். அடுத்த வாரம், யாரும் கூப்பிடாமல், புதுக் கம்பி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய், அறுந்த இடத்தில் போட்டுவிட்டும் வந்தார். அதில் எனக்குச் சந்தோஷப்படவா, தலையில் அடித்துக்கொள்ளவா என்று தெரியவில்லை.

கலைச்செல்வியின் அக்கார்டியன் வந்தது அதற்குப் பிறகு. விராலிமலைப் பெண். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை, தினம் பஸ்ஸில் வந்து போகிறவர். அப்பா மெல்லிசைக் குழுவில் அக்கார்டியன் வாசித்தவர். இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பெட்டி பரண் மேல் கிடந்து துருத்தி ஓட்டையாகி, பாதிக் கட்டைகள் ஊமையாகிவிட்டன. "எங்கப்பா ஒரே ஒரு பாட்டு சொல்லிக் குடுத்தாரு. அத வாசிக்கிற மாதிரி ஆக்கிக் குடுங்கண்ணே" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

சுதிக்காரர் அதில் இறங்கிவிட்டார். துருத்திக்கு உள்ளே துணி ஒட்டினார். நாக்குப் பலகைகளைப் பிடித்திருந்த பழைய மெழுகைச் சுரண்டியெடுத்துப் புதுசாக ஊற்றினார். பிறகு சுதி. அக்கார்டியனில் மட்டும் இரண்டு நாக்குகளையும் வேண்டுமென்றே துளி தள்ளி வைப்பார்களாம். அப்போதுதான் சத்தம் மினுமினுக்குமாம். ஆனால் அந்தத் துளி எல்லாக் கட்டையிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். அதற்காக என் மிஷின் நின்ற நேரத்தைச் சேர்த்தால் ஒரு கல்யாண வீட்டுக்கே தைத்திருப்பேன். முடித்த அன்றைக்கு அவரே வாசித்துப் பார்த்தார். சந்தில் போனவர்கள் நின்று கேட்டார்கள். "பரவால்ல" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

கலைச்செல்வி வேலை முடிந்து வந்தார். சுதிக்காரர் கடையில் உட்கார இடமில்லாததால் என் கடை நாற்காலியில் உட்கார்ந்து வாரை மாட்டிக்கொண்டார். வாசித்தார். பாதியில் நின்றார். திரும்ப முதலிலிருந்து வாசித்தார். அதே இடத்தில் நின்றார். முகம் சுருங்கிவிட்டது.

"இது எங்கப்பா பெட்டி இல்லிங்க."

இவருக்கு வந்ததே கோபம். "என்னம்மா சொல்ற? மாத்தி வச்சுட்டேங்கிறியா? ஒங்கப்பா பேரு கூட அதே எடத்துல பொறிச்சிருக்கு பாரு!"

"பெட்டி அதாண்ணே. சத்தம் இல்ல. இந்தப் பாட்டுல ஒரு எடத்துல இது அழும். அங்கனதான் அப்பா கண்ண மூடிக்குவாரு. அந்த அழுகையக் காணோம்."

அவர் அந்த இடத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்ததும் சிரித்துவிட்டார். "அது அழுகை இல்லம்மா. கோளாறு. அந்தக் கட்டையில ஒரு நாக்கு நல்லா எறங்கிக் கெடந்துச்சு. ரெண்டும் சண்ட போட்டுக்கிட்டு அலறுனுச்சு. அதச் சரி பண்ணிட்டேன்."

"யாருண்ணே ஒங்கள அதச் சரி பண்ணச் சொன்னா?"

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. இவ்வளவு வருடமும் நான் கேட்க நினைத்து, இப்படி நேராகக் கேட்கத் தெரியாமல் விட்ட கேள்வி அது.

"வாசிக்க வைங்கன்னுதானே கேட்டேன்? அத யாரு தொடச் சொன்னா?" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. வாரைக் கழற்றி, பெட்டியை என் கட்டிங் டேபிளில் துணிகளுக்கு மேல் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பெட்டி என் டேபிளிலேயே கிடந்தது. சுதிக்காரர் எடுத்துக்கொள்ளவில்லை. "என் வேல முடிஞ்சுருச்சு. அந்தப் பொண்ணு வந்து எடுத்துக்கட்டும்" என்றார். நான் துணி வெட்டுவதற்கு அதைத் தூக்கித் தரையில் வைப்பதும், கூட்டுவதற்கு மறுபடி மேலே வைப்பதுமாக இடுப்பு போயிற்று. ஒருநாள் பொறுக்க முடியாமல் பலகையை நான் தட்டினேன்.

"ஏண்ணே, அந்தப் பிள்ள கேட்டத செஞ்சு குடுத்துத் தொலைங்களேன்."

"என்ன கேக்குது தெரியுமா? சரியா இருக்குறதக் கெடுத்துக் குடுன்னு கேக்குது. வெட்டுன துணிய நீ ஒட்டித் தருவியா?"

"தரமாட்டேன். ஆனா ஒருத்தி எனக்கு லூசாத்தான் வேணும்னா, அவளக் கேக்காம நான் இறுக்கித் தைக்க மாட்டேன்."

"லூசு வேற. கோளாறு வேற."

"அது எதுங்கிறது போடுறவளுக்குத்தான் தெரியும். பாத்துக்கிட்டு நிக்கிறவுகளுக்கு என்ன தெரியும்?"

அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கமிருந்து ஒரு ங்ஙீ கூடக் கேட்கவில்லை.

நான் கலைச்செல்விக்குப் போன் செய்து, அப்பா வாசித்ததை யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தல், குழந்தை வீறிட்டு அழுகிறது, யாரோ இலை போடச் சொல்லிக் கத்துகிறார்கள். நடுவில் பிளாஸ்டிக் சேரில் ஒல்லியாக ஒரு மனிதர் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருக்கிறார். நான் தைத்துக்கொண்டே அதை ஓடவிட்டேன். முடிந்தது. பலகை தட்டப்பட்டது.

"அதத் திரும்ப வை."

வைத்தேன்.

"மிசின நிறுத்திட்டு வை."

அதற்கப்புறம் என் போன் என்னிடம் இல்லை. அவர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாடிக்கைக்காரர்கள் கூப்பிடுகிறார்கள், அவர் எடுத்து, "அந்தம்மா வேலையா இருக்காக" என்று வைத்துவிடுகிறார். பொறுமையிழந்து எட்டிப் பார்த்தேன். காதோடு போனை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, இங்கிட்டு வா. இதக் கேளு. மத்த எடத்துலயெல்லாம் மனுசன் அந்தக் கட்டையத் தொட்டும் தொடாம ஓடுறாரு. பட்டுன்னு எடுத்துர்றாரு. இங்கன மட்டும் அது மேலயே உக்காந்துட்டாரு பாரு. துருத்திய வேற இழுத்துப் பிடிக்கிறாரு."

"அப்படின்னா?"

"தெரியாம வாசிக்கல. கோளாறு தெரிஞ்சேதான் வாசிச்சிருக்காரு." போனை மடியில் வைத்தார். பிறகு முகம் சிவந்து, "தெரிஞ்சும் இத்தன வருசம் சரி பண்ணாம வச்சிருந்திருக்காரு பாரேன்!" என்றார், அந்த ஒல்லி மனிதர் எதிரில் நிற்கிற மாதிரி.

சொல்லிவிட்டு என் கடைக்கு வந்து, டேபிளிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

விளக்கெண்ணெய் குடிக்கிறவர் முகத்தோடு அந்த வேலையைச் செய்தார். முன்னே நுனியில் சுரண்டி ஏற்றிய நாக்கை இப்போது அடியில் சுரண்டி இறக்க வேண்டும். அக்கார்டியனில் நாக்கு எஃகு; இரண்டு பக்கமும் தேய்ந்தால் மெலிந்து உடைந்துபோகும். உடைந்தால் அந்தக் கட்டையே போச்சு. ஒரு சுரண்டல், வீடியோ. ஒரு சுரண்டல், வீடியோ. "சே, இவ்வளவு அலறக் கூடாது" என்று தனக்குள் பேசிக்கொள்வார். கொஞ்சம் ஏற்றுவார். "இது ரொம்ப நல்லாப் போச்சு" என்று மறுபடி இறக்குவார்.

"கெடுக்குறதுக்கும் சுதி பாப்பீகளாண்ணே?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நீ மிசின நிறுத்து தங்கச்சி. அந்தப் பந்தல் சத்தத்துல அலை சரியாக் கேக்க மாட்டேங்குது."

முகூர்த்தத் துணி அவ்வளவும் கிடக்க, நான் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதர் ஒரு தப்பை அது இருந்த அளவுக்கே திரும்பக் கொண்டுவருவதற்காக, நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டுகிறார். அதற்காக நான் சம்பாத்தியத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் இரண்டு பேரில் யாருக்குப் பைத்தியம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

கலைச்செல்விக்குச் சொல்லியனுப்பினோம். வந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல், "உள்ள இருக்கு, எடுத்துப் பாக்கட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு இவர் எதிர் டீக்கடைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து, வாரை மாட்டி, துருத்தியை விரித்தார். பாட்டு மெதுவாக வந்தது. அந்த இடம் வந்ததும், பெட்டிக்குள் ஏதோ தொண்டை அடைத்த மாதிரி சத்தம் நடுங்கியது. கலைச்செல்வி கண்ணை மூடவில்லை. அகலத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கட்டையிலிருந்து விரலை எடுக்காமல், துருத்தி முழுக்க விரிகிற வரைக்கும் இழுத்துக்கொண்டே இருந்தார். முடித்ததும் பெட்டியோடு எழுந்து, சந்தைத் தாண்டி டீக்கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, நல்லாருக்குண்ணே" என்றார்.

இவர் கிளாஸைக் கீழே வைத்தார். "நல்லா இல்லம்மா. என் கையில செஞ்சதுலயே மட்டமான வேல இதுதான்" என்றார். பிறகு பெட்டியின் வாரில் முறுக்கிக்கொண்டிருந்த ஒரு மடிப்பை நீவிச் சரிசெய்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. திருச்சி, மதுரைன்னு எவன் கேட்டாலும் இத அவன் கையில குடுத்துறாத. சரி பண்ணிப்புடுவாய்ங்க."